குறிப்பறிந்தவர் ஊர்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடிகாலையில் போனால் சில இடங்களில் ஓரமாக ஒதுங்கித்தான் நடக்க வேண்டியிருக்கும். தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருப்பார்கள். கஞ்சி போட்ட பட்டு இழைகள் வெயில் ஏறுவதற்குள் காய வேண்டும். அறுந்தது எது என்று பார்த்து முடிச்சுப் போட வேண்டும். சைக்கிளில் வருகிறவர் யாரும் சொல்லாமலே இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். இப்போது எல்லாத் தெருவிலும் இந்தக் காட்சி கிடையாது. பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனி பஸ்ஸில் போய்விட்ட வீடுகளில் தறிக்குழியை மூடி, மேலே கட்டில் போட்டிருக்கிறார்கள்.

போன தை மாதம் அப்படியொரு காலையில் அக்கா மகளை அழைத்துக்கொண்டு அங்கே போயிருந்தேன். சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு டிசைனர் வேலை. துணி டிசைன் இல்லை. செல்போன் செயலியில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எதைத் தொட்டால் எது திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை. வைகாசியில் அவள் தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையைக் கடையில் எடுக்காமல், தானே வடிவம் போட்டு, தறியில் கொடுத்து நெய்து தர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஏஐ செயலி ஒன்றிடம் சொல்லிச் சொல்லிப் புடவைகளை வரைந்து வாங்கிக்கொண்டிருந்தாள். தாம்பரத்தில் ஏறினோம். வாலாஜாபாத் வருவதற்குள் நாற்பது புடவை.

நாங்கள் போனது எனக்கு வெகுநாளாகத் தெரிந்த ஒரு நெசவாளர் வீடு. ஐம்பது வருடமாகக் குழித்தறியில் கால் மிதிக்கிறவர். குழியை விட்டு ஏறாமலே கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். நாற்பதையும் பார்த்தார்.

“அழகா இருக்கு பாப்பா” என்றார். மனதாரத்தான் சொன்னார். பிறகு ஒரு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். முந்தியில் பெரிய மயில் ஒன்று தோகை விரித்து நின்றது. “இந்த மயிலுக்குக் கழுத்துலருந்து வால் வரைக்கும் ஒரே சரிகையா ஓடுது பாரு. நடுவுல எங்கேயும் கட்டுப்படவே இல்ல. இப்படி நெய்தா இழை தூக்கிக்கிட்டு நிக்கும். ஒரு தடவை வளையல்ல மாட்டிச்சுன்னா அவ்வளவுதான், மயிலு போயிடும்.”

இன்னொரு படத்தில் அரக்குக் கரை மெல்ல மெல்லக் கரைந்து பச்சை உடலில் கலந்திருந்தது, வானத்தில் அந்தி கலைகிற மாதிரி. அதைப் பார்த்து அவர் சிரித்தார். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் கரை வேறு, உடல் வேறு. மூன்று நாடா ஓடும். நடுநாடா உடலை நெய்யும், ஓரத்து நாடாக்கள் இரண்டும் கரைகளை நெய்யும். ஒவ்வொரு ஊடை இழையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கே கரைவது என்பதே இல்லை. பிடிப்பு உண்டு, இல்லையென்றால் பிரிந்துபோகும். கரையிலிருந்து உடலுக்குள் ஏறுகிற கோபுர முனைகளைக் கோயிலைப் பார்த்துப் போட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அழகுக்காக மட்டும் வந்த வடிவமாக எனக்கு அது தோன்றவில்லை. இரண்டு துணி ஒன்றையொன்று இறுகப் பிடிக்கிற வேலையிலிருந்தே அது பிறந்திருக்க வேண்டும். முந்தி சேரும் இடத்தில் நிறம் மாற வேண்டுமென்றால், பழைய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அதற்குப் பெயர் பிட்னி. அந்த இடத்தைத் தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரியும்.

இதையெல்லாம் அவர் திட்டுவதுபோல் சொல்லவில்லை. சின்ன வயதில் தானும் இப்படி நெய்ய முடியாத பூக்களை வரைந்தவர்தான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “யார் கட்டப் போறாங்க?” என்று கேட்டார்.

“என் தங்கை, ஐயா.”

“எவ்வளவு உயரம்?” சொன்னாள். “அப்ப இந்த அகலத்துல கரை போட்டா புடவைதான் நடந்து வர்ற மாதிரி இருக்கும். மணையில எவ்வளவு நேரம் உட்காருவாங்க? பட்டு கட்டிப் பழக்கம் உண்டா?” இரண்டாவது கேள்விக்கே அவள் கொஞ்சம் யோசித்தாள். அப்போது வாசல் பக்கம் தார் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி, ராட்டையை நிறுத்தாமல் கேட்டார்:

“பொண்ணுக்கு ரொம்ப வேர்க்குமாம்மா?”

வைகாசி மாதம், ஹோமப் புகை, கனமான சரிகை. கேள்வி நியாயமானது. அக்கா மகள் என்னைப் பார்த்தாள். இருபத்தைந்து வருடம் ஒரே வீட்டில் வளர்ந்த தங்கைக்கு வேர்க்குமா வேர்க்காதா என்பது அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. நாற்பது படங்களில் எதிலும் வேர்வை இல்லை.

அவள் செய்கிற தொழிலின் முறைக்கு ‘டிசைன் திங்கிங்’ என்று பெயர். வடிவமைப்புச் சிந்தனை என்று தமிழில் எழுதுகிறோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டி.ஸ்கூல் அதை ஐந்து படிகளாக்கி உலகமெல்லாம் பரப்பியது. புழங்கப்போகிறவரின் நிலையை உணர்வது, சிக்கல் இன்னதென்று வரையறுப்பது, யோசனைகளைக் குவிப்பது, மாதிரி செய்வது, சோதித்துப் பார்ப்பது. இதன் வேர்களில் ஒன்று, அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1969-இல் வெளியிட்ட நூல். ‘செயற்கையின் அறிவியல்கள்’ என்று அதன் தலைப்பைப் பெயர்க்கலாம். இருக்கிற நிலையை விரும்பத்தக்க நிலையாக மாற்ற வழி தேடுகிற எவரும் வடிவமைப்பாளர்தான் என்பது அவர் வாதம். பொறியாளரைப் போலவே நோயாளிக்கு மருந்து எழுதுகிற மருத்துவரும் அதில் சேர்த்தி. அதே சைமன்தான் 1956-இல் டார்ட்மத் கல்லூரியில் நடந்த கூட்டத்துக்கு ஆலன் நியூவெல்லோடு போனவர். செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் நிலைபெற்ற கூட்டம் அது. ஆக, இன்று ஒன்றை ஒன்று மாற்றிக்கொண்டிருக்கும் இந்த இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். செயற்கை என்ற சொல் இரண்டின் நெற்றியிலும் இருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் அவள் அலுவலகத்தில் என்ன மாறியது என்று திரும்பி வரும்போது கேட்டேன். மூன்றாவது படி சுருங்கிவிட்டது என்றாள். முன்பு நாலைந்து பேர் ஓர் அறைக்குள் அடைந்து, சுவரெல்லாம் மஞ்சள் காகிதம் ஒட்டி, இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இப்போது இரண்டு நிமிடத்தில் ஐம்பது யோசனை வந்துவிடுகிறது. மாதிரி செய்வதும் அப்படித்தான். சாயங்காலத்துக்குள் ஓடுகிற செயலி கையில் இருக்கும். இதெல்லாம் நல்லதுக்குத்தான். வரையத் தெரியாதவனின் கற்பனைக்கும் இப்போது ஓர் உருவம் கிடைக்கிறது. நான் இதைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்து அவள் சொன்னதுதான் என்னை உறுத்தியது. முதல் படியும் சுருங்கிவிட்டதாம். “முன்னே மாசத்துக்கு ரெண்டு தடவை ஆளுங்களைப் பார்க்கப் போவோம் மாமா. செங்கல்பட்டு, திண்டிவனம், எங்கேயாவது. இப்ப அதுக்கு நேரமில்லைங்கறாங்க. ஏஐகிட்டயே கேட்டுக்கிறோம்.” எப்படிக் கேட்பார்கள் என்றால், ‘நீ கிராமத்தில் இருக்கும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண், போனில் பணம் அனுப்பிப் பழக்கமில்லை, இந்தத் திரையில் உனக்கு எது புரியவில்லை?’ என்று அதற்கு ஒரு வேடம் போட்டுவிடுவார்கள். அது அந்தப் பெண்ணாகவே மாறிப் பதில் சொல்லும். கோவையாக, மரியாதையாக, வரிசை எண் போட்டு.

எந்த ஐம்பத்திரண்டு வயதுப் பெண் தன் தடுமாற்றத்தை வரிசை எண் போட்டுச் சொன்னாள்? நேரில் போய்க் கேட்டால் அவள் “ஒண்ணும் பிரச்சினை இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு” என்பாள். சொல்லிக்கொண்டே போனைப் பேரனிடம் கொடுத்துவிடுவாள். அந்தக் கொடுத்துவிடுகிற கையில் இருக்கிறது பதில். கொடுக்கும்போது முகத்தில் வந்து போகிற கூச்சத்தில் இருக்கிறது. இயந்திரம் கற்றது எழுதிவைக்கப்பட்டவற்றிலிருந்து. எழுதாதவர்களின் மௌனத்தை அது எங்கே போய்க் கற்கும்? தார் சுற்றிக்கொண்டிருந்த அந்த அம்மா தன் வாழ்நாளில் கையெழுத்தைத் தவிர வேறொன்றும் எழுதியிருக்க வாய்ப்பில்லை. வேர்வையைப் பற்றிய அந்தக் கேள்வி எந்தத் தரவிலும் கிடையாது.

தமிழில் இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு. குறிப்பறிதல். வள்ளுவர் இந்தத் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. சொல்லாததை முகம் பார்த்து அறிவது அரசவைக்கும் வேண்டும், காதலுக்கும் வேண்டும் என்று எண்ணியிருப்பார் போலும். வேறு தலைப்புக் கிடைக்காமல் அவர் ஒன்றையே இரண்டு முறை வைத்தார் என்று நான் நம்பமாட்டேன்.

இந்தச் சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்ட ஒருவர் காஞ்சிபுரத்துக்காரர். திருக்குறிப்புத் தொண்டர், அறுபத்துமூவரில் ஒருவர், துணி வெளுக்கும் ஏகாலியர் குலத்தில் வந்தவர். சிவனடியார் எவரைக் கண்டாலும் அவர் மனக்குறிப்பை அறிந்து அதன்படி தொண்டு செய்வார் என்பதால் அந்தப் பெயர். பட்டுக்கடைகள் வரிசையாக நிற்கிற காந்தி ரோட்டிலேயே இருக்கும் முக்தீஸ்வரர் கோயிலை அவர் முக்தி பெற்ற இடமாகச் சொல்கிறார்கள். கல்யாணக் கூட்டம் வேனை விட்டு இறங்கிக் கடைக்குள் நுழையும்போது அந்தக் கோயிலை அதிகம் பேர் திரும்பிப் பார்ப்பதில்லை.

சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்கிற கதை பலருக்கும் தெரிந்ததுதான். குளிர்காலத்தில் ஒரு நாள் மெலிந்த உடம்போடு ஓர் அடியார் வருகிறார். உடுத்தியிருப்பது அழுக்கேறிய கந்தை. தொண்டர் அவரை வணங்கி, உடம்பு ஏன் இப்படி மெலிந்தது என்று கேட்டு, கந்தையை வெளுத்துத் தரும்படி தன்னிடம் கொடுக்கச் சொல்கிறார். அடியார் தயங்குகிறார். அழுக்கானாலும் குளிருக்கு அதை விட்டால் வேறில்லை. பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தருவதானால் எடுத்துப் போகலாம் என்கிறார். தந்துவிடுகிறேன் என்று இவர் வாக்குக் கொடுக்கிறார். துவைத்து முடிக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது, விடவில்லை. பொழுது சாய்கிறது. அந்த மெலிந்த உடம்பு குளிரில் நடுங்குமே, அதற்கு நான் காரணமாகிவிட்டேனே என்று நொந்து, துணி துவைக்கிற கல்லிலேயே தலையை மோதப் போகிறார். கல்லின் பக்கத்திலிருந்து ஏகம்பநாதரின் கை எழுந்து அவரைப் பிடித்துக்கொள்கிறது.

கடைசியில் வருகிற அற்புதத்தை ஒதுக்கிவிட்டே இந்தக் கதையைப் பல நாள் யோசித்திருக்கிறேன். இந்த ஏகாலியிடம் இரண்டு குணங்கள் ஒட்டிப் பிறந்திருக்கின்றன. ஒன்று, கேட்காமலே எதிரில் நிற்பவரின் தேவையை அறிகிற கண். மற்றொன்று, தன் வேலை பிழைத்தால் நடுங்கப்போவது யார் உடம்பு என்பதை மறக்காத மனம். மழை பெய்தது அவர் குற்றமில்லை. நம்மில் யாராக இருந்தாலும் ‘வானிலை சரியில்லை, நாளை தருகிறோம்’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருப்போம். அவர் அந்தக் குளிரைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். தலையை மோதிக்கொள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஐந்து படிகளில் முதல் படியும் கடைசிப் படியும் உண்மையில் எவ்வளவு கனமானவை என்பது அந்தக் கல்லருகே தெரிகிறது. இயந்திரம் மலிவாக்கியது நடுப்படிகளை. இரண்டு முனைகளிலும் மனிதன் நின்றே ஆகவேண்டும். நடு மலிந்த வேகத்தில் முனைகளையும் சேர்த்து விற்றுக்கொண்டிருக்கிறோமோ என்பதுதான் என் அச்சம்.

வடிவமைப்பாளர்களைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது. சென்ற ஆண்டு ஒரு பழைய நண்பரின் மனைவி இறந்துபோனார். ஆறுதல் கடிதம் எழுத உட்கார்ந்தேன், வார்த்தை வரவில்லை. ஏஐயிடம் கேட்டேன். நான் எழுதியிருக்கக்கூடியதைவிட நன்றாகவே எழுதித் தந்தது. இரண்டு சொல்லை மாற்றி அனுப்பினேன். ‘நன்றி’ என்று பதில் வந்தது. காரியத்தன்று அவர் வீட்டுக்குப் போனபோது, அந்த அம்மா எப்படி இறந்தார், கடைசி நாட்களில் கூட யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது. கடிதம் எழுதத் திணறியிருந்தால் போன் செய்திருப்பேன். வார்த்தை வராத அந்தத் திணறல்தான் என்னை அவர் வீட்டு வாசலுக்கு இழுத்துப் போயிருக்கும். அது இல்லாமல் போனது எனக்கு ஒரு வசதியாகத்தான் அப்போது தெரிந்தது.

இதைப் படிக்கிறவர், கை வேலையின் பொற்காலத்தைப் பாடுகிறான் என்று நினைத்துவிடக் கூடாது. காஞ்சிபுரம் இயந்திரத்தை முதன்முதலாக இப்போதுதான் பார்க்கிறது என்றில்லை. தறிக்கு மேலே தொங்குகிற அட்டைச்சரத்தைப் பாருங்கள். 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய பொறியின் வழிவந்தது அது. கிராஃப் தாளில் ஒரு கோடு என்றால் தறியில் ஓர் ஊடை, ஊடைக்கு ஓர் அட்டை. ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லையென்றால் கிடக்கும். அந்தப் பொறியால் ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் ஆயின. அதில் ஒரு பிரதி, கணக்கிடும் இயந்திரத்தைத் திட்டமிட்ட சார்லஸ் பாபேஜிடம் இருந்தது. அட்டை ஓட்டையால் பூ நெய்ய முடியுமானால் கணக்கையும் நெய்யலாம் என்ற எண்ணம் ஜக்கார்டின் அட்டைகளில்தான் வேர்விட்டது. அடா லவ்லேஸ் 1843-இல் பாபேஜின் இயந்திரத்துக்கு எழுதிய குறிப்புகளில் ஜக்கார்டு தறியைத்தான் உவமை சொன்னார். அந்த இயந்திரம் தானாக எதையும் தோற்றுவிப்பதாக உரிமை கொண்டாடாது என்றும் அதே குறிப்புகளில் எச்சரித்தார். கணினிக்குத் தறி பாட்டன் முறை. பேரன் இப்போது பாட்டன் வீட்டுக்குப் புடவை வரைந்துகொண்டு வந்திருக்கிறான்.

ஜக்கார்டுக்கு முன்பு இங்கே ‘அடை’ என்றொரு முறை இருந்தது. பூவின் கணக்கைத் தறியில் நூல் கட்டுகளாகவே கட்டி வைத்திருப்பார்கள். அட்டை வந்ததும் அடை கட்டுகிற கைகளுக்கு வேலை போயிற்று. புலம்பல் அப்போதும் இருந்திருக்கும். கோர்வைக்கு ஓரத்து நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய சிறுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கடனுக்கு ஈடாக உட்கார்ந்தவர்களும் உண்டு. கையால் செய்ததெல்லாம் அறத்தால் செய்தது என்று ஆகிவிடாது. அந்தச் சிறுவர்களில் ஒருவர்தான் இன்று ஐம்பது வருட அனுபவத்தோடு எங்கள் எதிரில் குழியில் இருந்தவர்.

அட்டையும் செயற்கை நுண்ணறிவும் ஒன்றல்ல என்பதும் உண்மை. அட்டை, மனிதன் போட்ட பூவை ஞாபகம் வைத்துக்கொண்டது. பூவைத் தீர்மானித்தது மனிதன். அவன் யாருக்கு நெய்கிறோம் என்று அறிந்தவன். இப்போது தீர்மானத்தின் வாசலிலேயே இயந்திரம் நிற்கிறது. அது காட்டுகிற ருத்திராட்சமும் மயில்கண்ணும் இருதலைப்பட்சியும் எங்கிருந்து வந்தன? இந்தத் தெருக்களில் நெய்து, யாரோ படம்பிடித்து வலையேற்றிய புடவைகளிலிருந்தும் வந்திருக்க வேண்டும். நெய்தவர் பெயர் எந்தப் படத்திலும் இல்லை. 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காக்கும். ஒருவர் வீட்டுப் பூவைக் காக்காது. பட்டுப் புடவை உள்பட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்குகிற சட்டம் 1985-இலேயே வந்துவிட்டது. கைத்தறி என்ற பெயரில் விசைத்தறிப் புடவை விற்கிறது என்ற நெசவாளர்களின் குமுறலோ இன்னும் ஓயவில்லை. இனி ஒரு நல்ல புடவையைப் படம்பிடித்து, ‘இதே சாயலில் நூறு’ என்று கேட்டு வாங்கி, விசைத்தறிக்கு அனுப்ப ஒரு மதியப் பொழுது போதும்.

பெயர் தெரியாத கைகளின் வேலையைக் கண்டு வியந்தவர்களும் உண்டு. இந்திய அரசு அழைத்ததன் பேரில் அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-இல் தந்த இந்திய அறிக்கை, அகமதாபாத்தில் 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறக்கக் காரணமானது. நாடெல்லாம் சுற்றிப் பார்த்த அந்த இருவர் மிகவும் வியந்த பொருள் எது தெரியுமா? சொம்பு. இடுப்பில் எப்படி உட்காருகிறது, தண்ணீர் எப்படி விழுகிறது, கையால் கழுவ முடிகிறதா, கையிலே எடுத்தால் எப்படி இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போய், இதைத் தனி ஒருவர் வடிவமைத்திருக்க முடியாது, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து செய்தது என்ற முடிவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையும் சொம்பின் வாயைக் கொஞ்சம் விரித்திருக்கும், கழுத்தைக் கொஞ்சம் இறுக்கியிருக்கும். தண்ணீர் சிந்திய ஒவ்வொரு முறையும் யாரோ ஒருத்தி முகம் சுளித்திருப்பாள், கன்னான் அதைப் பார்த்திருப்பான்.

இன்றைய வடிவமைப்புத் தொழிலின் பேச்சில் அடிக்கடி காதில் விழுகிற அறிவுரை, சீக்கிரம் தோற்றுப்போ, அடிக்கடி தோற்றுப்போ என்பது. திரையில் தோற்பதற்குச் செலவில்லை. ஏஐ வந்தபின் இன்னும் இல்லை. தறியில் தோற்பது வேறு. வடிவம் மாறினால் அட்டை மாற வேண்டும், சில நேரம் தறிக்கட்டே மாற வேண்டும். அத்தனை நாளும் தறி நிற்கும். நெசவாளருக்குப் புடவைக்குத்தான் கூலி; நிற்கிற தறிக்குக் கூலி இல்லை. மேலே எவ்வளவு வேகமாக யோசனைகள் மாறுகின்றனவோ அவ்வளவு அடிக்கடி கீழே தறி நிற்கும். தோல்வி மலிந்துவிட்டது என்று பேசும்போது, யாருக்கு மலிந்தது என்பதையும் சேர்த்துக் கேட்கத் தெரிந்தவனையே நான் நல்ல வடிவமைப்பாளன் என்பேன். தெருவில் உணவு கொண்டுவருகிற பையனின் செயலியிலும், ரேஷன் கடையில் விரல் ரேகை பதியாமல் நிற்கிற கிழவியின் முன்னாலும் இதே கேள்விதான்.

சைமன் இன்னொன்றும் சொன்னார். மனிதன் எல்லா வழிகளையும் அலசி மிகச் சிறந்ததைத் தேர்வதில்லை, போதுமானதைக் கண்டதும் நின்றுவிடுகிறான் என்று. அவர் அதை அறிவின் எல்லையாகச் சொன்னார். எனக்கு அதில் ஒரு நாகரிகமும் தெரிகிறது. நாற்பதுக்குப் பிறகு நாற்பத்தொன்று கேட்டாலும் இயந்திரம் தரும், நானூறு கேட்டாலும் தரும். போதும் என்று அது சொல்லாது. இலையில் கையை வைத்து மறைக்க வேண்டியது சாப்பிடுகிறவர்தான்.

அன்று காலை அவள் போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனாள். தங்கையைக் கூப்பிட்டாள். வேர்வையில் ஆரம்பித்த பேச்சு அரை மணி நேரம் போயிற்று. நடுவில் சிரிப்புச் சத்தம், அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. உள்ளே வந்தபோது கண்ணைத் துடைத்திருந்தாள். தங்கைக்கு மயில் வேண்டாமாம். பாட்டி கட்டியிருந்த ஒரு புடவையில் பொடிக் கட்டம் இருந்ததாம், அது பிடிக்குமாம். அந்தப் புடவை இவளுக்கு ஞாபகம் இல்லை.

பெரியவர் மறுபடியும் போனைக் கேட்டார். பதினேழாவதோ பதினெட்டாவதோ ஒரு படத்தைத் தேடி எடுத்தார். அதில் பூ ஒன்றும் சரியில்லை. ஆனால் மாந்தளிர் நிறத்துக்குப் பக்கத்தில் சாம்பல் கலந்த ஒரு நீலத்தைக் கரையாக வைத்திருந்தது. “இது நான் யோசிச்சிருக்க மாட்டேன்” என்றார். சுவரோரம் தொங்கிய பட்டுக் கழிகளில் ஒன்றை உருவி, இன்னொன்றோடு சேர்த்து முறுக்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். “நல்லா இருக்கும். பொடிக் கட்டம், சின்னக் கரை, சரிகை முந்தியில மட்டும். வேர்த்தாலும் உறுத்தாது.”

அவள் உடனே எவ்வளவு ஆகும் என்று கேட்கவில்லை. தறி எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். மனைவியின் ராட்டையும் நின்றது. “ஒரு வாரம் ஆகும் பாப்பா” என்றார். பிறகு, சொல்லலாமா என்று யோசித்தவர்போல், “ஒரு பாவுல மூணு புடவை வரும். உன் தங்கைக்கு ஒண்ணு. மீதி ரெண்டு யாருக்கு?” என்றார்.

அவள் படங்களை மூடிவிட்டு, போனில் வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். ‘தறி நிற்கும் நாள் 7’ என்று எழுதினாள். அடுத்த வரியில் அம்மா என்று எழுதி, அதன் கீழே இன்னொரு பெயருக்கு இடம் விட்டு, எங்கள் மூவரையும் பார்த்தாள்.